14 வயது, 14 பிள்ளைகள்: வோங் ஹோய் சியோங் படைப்புகளில் ஒரு குடும்பத்தின் நினைவும் ஊரார் நினைவும்

‘அவளுக்கு 14 வயதில் திருமணமானது, அவள் 14 பிள்ளைகளைப் பெற்றாள்.’ இது 1994-இல் வரையப்பட்ட ஓர் ஓவியத்தின் தலைப்பு. வரைந்தவர் வோங் ஹோய் சியோங். 1960-இல் பினாங்கு ஜோர்ஜ் டவுனில் பிறந்த சீனர். ஆனாலும் இந்தத் தலைப்பைக் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஏதாவது ஒரு தமிழ் வீட்டுத் திண்ணையில் படித்துக் காட்டினால், “இது எங்கள் பாட்டி கதையல்லவா” என்று அங்கே யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். என் பாட்டிக்குத் திருமணமானது 15 வயதில். பிறந்தது 11, தங்கியது 7. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் இந்தக் கணக்கில்தான் தொடங்கும்.

ஒரு சீனக் குடும்பத்துப் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியம், கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்த ஒரு தமிழரின் பாட்டியை எப்படி நினைவுக்குக் கொண்டுவருகிறது? ஒரு மனிதரின் சொந்த நினைவு எந்த இடத்தில் பலருடைய நினைவாக மாறுகிறது? மாறும்போது அதில் எது மிஞ்சுகிறது, எது கரைந்துபோகிறது? சமகாலக் கலையைப் பற்றிய பேச்சில் ‘கூட்டு நினைவு’ என்ற சொல் இன்று அடிக்கடி புழங்குகிறது. ஆனால் அது எப்படி உருவாகிறது என்பதை வோங்கின் படைப்புகளை அருகிருந்து பார்த்தால்தான் விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வோங் இலக்கியம், கல்வியியல், ஓவியம் ஆகிய மூன்றையும் அமெரிக்காவில் படித்தவர். கரி ஓவியம், காணொளி, நிகழ்த்துகலை, நிறுவல், புகைப்படம் என்று ஊடகம் மாறிக்கொண்டே இருந்தாலும், குடியேறி வந்தவர்களின் கதை அவர் படைப்புகளில் திரும்பத் திரும்ப வரும். 1994 முதல் 1996 வரை அவர் செய்த ‘குடியேறிகளும் ரப்பர் மரங்களும்’ என்ற வரிசை 1996-இல் கோலாலம்பூரில் கண்காட்சியாக வைக்கப்பட்டது. மேலே சொன்ன ஓவியம் அந்த வரிசையைச் சேர்ந்தது. ‘சிலர் மலாயாவைக் கனவு கண்டனர், சிலர் கிரேட் பிரிட்டனைக் கனவு கண்டனர்’, ‘பால் வெட்டும் தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் திருமணம்’, ‘பாட்டாளி வர்க்கத்தின் ஆசைகள்’ என்பன அதே வரிசையின் வேறு தலைப்புகள். எல்லாம் ஓவியரின் சொந்தக் குடும்ப வரலாற்றிலிருந்து எழுந்தவை. ஆள் உயரத்துக்கு நிற்கும் தாள்களில் கரியால் வரைந்து, ஒளிநகல் எடுத்த பழைய படங்களின் மையைத் தாளில் இறக்கி, சில இடங்களில் துண்டுப் படங்களை ஒட்டிச் செய்தவை.

இந்த முறையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் அவர் சொல்ல வந்ததில் பாதி அதிலேயே இருக்கிறது. கரி தாளோடு முழுதும் ஒட்டுவதில்லை. விரல் பட்டால் கலையும், கையை இழுத்தால் கூடவே இழுபடும். அழித்த கோட்டின் தடமும் தாளில் தங்கிவிடும். ஒளிநகல் அப்படியல்ல, அது ஆவணத்திலிருந்து, பத்திரிகையிலிருந்து, பழைய புத்தகத்திலிருந்து வருவது, எல்லோர் கைக்கும் கிடைப்பது. அதன் மையைத் தாளில் இறக்கும்போது படம் மங்கி, திட்டுத்திட்டாக, சில வேளைகளில் இடவலம் மாறி விழும். ஆக ஒரே தாளில் இரண்டு விதமான நினைவுகள் வந்து உட்காருகின்றன. ஒன்று வீட்டில் பாட்டி சொல்லக் கேட்டது, கையால் வரையப்பட்டது. மற்றொன்று அரசும் கம்பெனிகளும் பதித்து வைத்தது, இயந்திரத்தால் நகலெடுக்கப்பட்டது. அந்தத் தாளில் ஆவணம் மங்கலாக நிற்கிறது, பாட்டி ஆள் உயரத்துக்கு நிற்கிறார். வரலாற்றுப் பாடநூலில் இந்த அளவு நேர்மாறாக இருக்கும்.

இனி ரப்பருக்கு வருவோம். இந்த மரமும் மலாயாவுக்குக் குடியேறி வந்ததுதான். பிரேசில் காட்டிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்து, இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு 22 கன்றுகளாக வந்தது 1877-இல். அவற்றில் 9 கன்றுகள் பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. மலேசியத் தமிழராகிய நாம் இங்கே வந்ததும் பெரும்பாலும் அந்த மரத்துக்காகத்தான். 1910 வரை ஒப்பந்தக் கூலிமுறை, அதன்பின் இந்திய அரசு 1938-இல் தடுத்து நிறுத்தும்வரை கங்காணி முறை என்று ஆள் சேர்த்தல் நடந்தது. சீனர்கள் வந்த வழி வேறு. அவர்களில் பலர் ஈயச் சுரங்கத்துக்கு வந்தார்கள், பலர் சிறு ரப்பர்த் தோட்டங்களில் இறங்கினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பெருந்தோட்டங்களில் லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளை நிறைத்தவர்கள் தமிழர்கள்.

அதனால்தான் ரப்பர் மரத்துக்கு நம்மிடம் தனியாக ஒரு சொற்களஞ்சியமே இருக்கிறது. கித்தாக் காடு, தீம்பார், நிரை, மங்கு, பெரட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால், ஆயாக் கொட்டகை. நிரை என்றால் பால் வெட்டும் மர வரிசை, ஆயாக் கொட்டகை என்றால் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம். இவற்றில் பாதி மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்து நம் நாக்கில் உருமாறியவை; தமிழ்நாட்டில் யாருக்கும் புரியாது, இங்கே 50 வயதைக் கடந்தவருக்கு விளக்கவே தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வெயில் ஏறுமுன் சீவி முடிக்க வேண்டும்; குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். பட்டையில் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். அளவாகச் சீவினால் பட்டை மறுபடி வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் திரும்பவும் கத்தி வைக்கலாம். கை சற்று அழுந்திவிட்டால் மரம் புண்பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். தோட்டத்து எழுத்தரான கிராணியின் கண்ணில் பட்டால் திட்டு விழும். என் பாட்டி ஒரு மரத்தின் அடிப்பட்டையைத் தடவிப் பார்த்தே, சீவியவர் பழகிய கையா புதுக் கையா என்று சொல்லிவிடுவார். மரத்தின் மேல் இருந்த அந்த எழுத்தை அவரால் வாசிக்க முடிந்தது. தாளின் மேல் இருந்த எழுத்தைத்தான் வாசிக்கத் தெரியாது.

தனி நினைவு, கூட்டு நினைவு என்று பிரித்துப் பேசுவது பிரெஞ்சுச் சமூகவியலர் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-இல் எழுதிய நூலுக்குப் பிறகு அறிவுலகில் வழக்கமாயிற்று. யாரும் தனியாக நினைவுகொள்வதில்லை, குடும்பம், சமயம், வர்க்கம் ஆகியவை தரும் சட்டகத்துக்குள் நின்றே நினைவுகொள்கிறோம் என்பது அவர் கருத்து. இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஒப்பாரியில் மெட்டு பொது, உவமைகள் பொது, “என்னைப் பெத்த அம்மா” என்ற விளியும் பொது. ஆனால் அழுகிற பெண் அந்தப் பொது மெட்டுக்குள் தன் அம்மாவின் பெயரை, தனக்கு அவர் வாங்கித் தந்த சேலையின் நிறத்தை, கடைசியாகச் சாப்பிடாமல் போன சோற்றைச் சேர்த்துப் பாடுகிறாள். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்த மெட்டைக் கேட்டுக் கூடுகிறார்கள். அந்தச் சேலை நிறம் வரும்போதுதான் அவரவர் சொந்தச் சாவை நினைத்து உடைகிறார்கள். பொதுவானது ஆளைக் கூட்டும். அழவைப்பது அந்தத் தனி விவரம்.

வோங்கின் தலைப்பில் உள்ள இரண்டு 14-களும் அந்தச் சேலை நிறத்தைப் போன்றவை. ‘மலாயாப் பெண்களின் துயரம்’ என்று அவர் தலைப்பிட்டிருந்தால் நான் அதைத் தாண்டிப் போயிருப்பேன். 14 என்ற எண் யாருடைய பாட்டிக்கும் பொருந்தும் எண்ணல்ல. ஒரு பெண்ணுக்கு மட்டும் உரியது. அதனாலேயே அது என்னை என் பாட்டியின் 15-க்கும் 11-க்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நம் சமூகத்தில் தோட்ட வாழ்க்கையை நினைவுகூரும் விதம் இதற்கு எதிர்த்திசையில் போகிறது என்பது என் நெடுநாள் கவலை. நூற்றாண்டு மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் ‘காட்டைத் திருத்திக் கழனியாக்கிய நம் முன்னோர்’ என்ற ஒரே வாக்கியம் வருகிறது. அந்த முன்னோருக்கு முகம் இல்லை, ஊர் இல்லை, சாதியும் இல்லை. ஆனால் தோட்டத்தில் சாதி இருந்தது. சாதி பார்த்து லயம் ஒதுக்கிய தோட்டங்கள் பல. ‘பால் வெட்டும் தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் திருமணம்’ என்ற வோங்கின் தலைப்பைத் தோட்டத்தில் பிறந்த ஒருவர் படித்தால் முதலில் திகைப்பார். ஒரு தொழிலாளி வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும், அதிலும் கிராணி வீட்டுக்கும் நடுவே இருந்த தூரம், லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே இருந்த தூரத்தைவிடச் சில இடங்களில் கூடுதல். கிராணிகளாகவும் ரயில்வே எழுத்தர்களாகவும் இருந்த யாழ்ப்பாணத் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழ்க்கை இருந்தது. தோட்டத் தமிழருக்கு அது வேறு உலகம். அந்த ஓவியத் தலைப்பு எனக்கு ஒரு சீனக் குடும்பத்தின் மேலேற்றத்தைச் சொன்னதோடு, எங்கள் பக்கத்தில் அந்த ஏணி ஏன் அவ்வளவு குட்டையாக இருந்தது என்ற கேள்வியையும் எழுப்பியது. ‘நாம்’ என்று அவசரப்பட்டுச் சொல்லாமல், தன் வீட்டுக் கதையை மட்டும் அவர் சொன்னதால் எழுந்த கேள்வி அது.

1994-இலேயே வோங் வேறொரு காரியமும் செய்தார். அப்போது தேசியக் கலைக்கூடம் இப்போதுள்ள துன் ரசாக் சாலையில் இல்லை. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, பழைய மெஜஸ்டிக் ஓட்டல் கட்டடத்தில் இருந்தது. அங்கே அவர் லாலாங் புல்லை நட்டு வளர்த்தார். பிறகு அதற்குக் களைக்கொல்லி அடித்தார், வெட்டினார், எரித்தார், அந்த இடத்தில் வேறு புல்லை நட்டார். படைப்பின் பெயர் ‘லாலாங்’. 1987 அக்டோபர் 27-இல் தொடங்கிய ‘லாலாங் நடவடிக்கை’யில் அரசியல்வாதிகள், சமூக ஆர்வலர்கள், கல்விப் போராளிகள் என நூற்றுக்கும் மேற்பட்டோர், விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய வி. டேவிட்டும் பி. பட்டுவும் அவர்களுள் இருந்தார்கள். மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டது. பிடித்தவர்களைக் களை என்று சொன்னது அரசு வைத்த பெயர்தான். வோங் அந்தப் பெயரை அப்படியே எடுத்து, புல்லாகவே நட்டுக் காட்டினார்.

இந்தப் படைப்பைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் 1987-ஐத்தான் பேசினார்கள், அது நியாயமே. ஆனால் லாலாங் என்ற சொல்லோடு தமிழருக்கு வேறோர் உறவு உண்டு. லாலாங் அழிப்பது தோட்டத்தில் ஒரு வேலை, அதைப் பெரும்பாலும் செய்தவர்கள் நம் பெண்கள். ‘மருந்தடிக்கப் போகிறேன்’ என்று முதுகில் டாங்கியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், காலில் செருப்பும் முகத்தில் ஒரு துண்டுத் துணியுமாகப் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்தார்கள். நகம் கறுத்து விழுந்ததையும், மூக்கில் இரத்தம் வடிந்ததையும், கண் எரிந்ததையும் அவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அந்த மருந்தை 2002-இல் தடைசெய்யப்போவதாக அறிவித்த மலேசியா, 2006-இல் பின்வாங்கி, 2020 ஜனவரி 1-இலிருந்துதான் முழுத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கலைக்கூட வாசலில் ஒருவர் களைக்கொல்லி அடிப்பதைப் பார்க்கும் தமிழருக்கு அரசியல் கைதி நினைவுக்கு வருமுன் சித்தியின் நகம் நினைவுக்கு வந்தால், அதில் பிழை ஒன்றுமில்லை. அந்தப் படைப்புக்கு அந்த இடமும் இருக்கிறது. உருவகமாகச் சொல்லாமல் உண்மையான புல்லையும் உண்மையான மருந்தையும் அவர் கொண்டுவந்து வைத்ததால் வந்த பயன் இது. பொருள் நிஜமாக இருந்தால், அதைப் பார்க்கிறவர் தன் நினைவைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைக்க முடிகிறது.

இதே நெருக்கம் இன்னும் கூடுதலாக இருப்பது ‘நீதியின் திரைச்சீலை’ என்ற படைப்பில். 1998-இல் தொடங்கி 2004 வரை அதைச் செய்தார். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கக் கோரி ஆயிரக்கணக்கானோரிடம் பெருவிரல் ரேகை வாங்கி, அவற்றை நகலெடுத்து, இலையும் பூவிதழும் சேர்த்துத் தைத்த பெரிய விரிப்பு அது. தூரத்திலிருந்து பார்த்தால் துணி, கிட்டப் போனால் ரேகை.

தமிழில் பெருவிரல் ரேகைக்குக் ‘கைநாட்டு’ என்று பெயர். அந்தச் சொல் ரேகையை மட்டும் குறிப்பதில்லை, அதை வைக்கிற ஆளையும் குறிக்கும். ‘அவன் ஒரு கைநாட்டு’ என்றால் எழுத்தறியாதவன் என்று பொருள், இழிவாகச் சொல்வது. என் பாட்டியின் பெருவிரலை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். வலக்கைப் பெருவிரலின் உட்பக்கத்தில், கத்திப்பிடி அழுந்தி அழுந்தி, ரேகையே தேய்ந்து வழவழப்பான ஒரு திட்டு இருந்தது. சிவப்பு அடையாள அட்டையைப் புதுப்பிக்க அவரை நான் அழைத்துப் போனபோது, முகப்பிலிருந்த அலுவலர் அவர் விரலை மூன்று முறை மையில் உருட்டி எடுத்தும் ரேகை தெளிவாக விழவில்லை. “ரேகை இல்லை, மக்சிக்” என்று அவர் மலாயில் மரியாதையாகத்தான் சொன்னார். பாட்டி என்னைப் பார்த்து, “அதெல்லாம் மரத்துக்கிட்டே இருக்கு தம்பி” என்றார். சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு, கடன் சீட்டில் கைநாட்டு என்று வாழ்நாள் முழுதும் யாரோ கேட்ட இடத்தில் விரலை வைத்தவர் அவர். வோங்கின் விரிப்பில் அதே கைநாட்டு கோரிக்கையாகிறது. கேட்டவருக்குக் கொடுத்த ரேகை இங்கே கேட்பதற்காக வைத்த ரேகை. பட்டம் பெற்றவர் ரேகையும் பள்ளி போகாதவர் ரேகையும் அந்தத் தையலில் பிரித்தறிய முடியாது. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒருவருடையது மட்டுமே. தனி நினைவைக் கரைக்காமல் பொது நினைவை எழுப்ப முடியுமா என்ற கேள்விக்கு நான் பார்த்தவற்றுள் மிகத் தெளிவான விடை இந்தப் படைப்புதான். அது முடிந்து மூன்று ஆண்டுகளில், 2007 டிசம்பரில், மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் தலைவர்கள் 5 பேர் அதே சட்டத்தின் கீழ் கமுந்திங் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சட்டம் நீக்கப்பட்டது 2012-இல்.

வோங்கின் தொடக்ககாலக் காணொளி ஒன்று, 1990-இல் வந்தது, ஜப்பானியர் ஆட்சியில் சீனர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்ட ‘சூக் சிங்’ பற்றியது. உயிர்தப்பியவர்கள் தாங்களே பேசுவது அதன் உயிர். அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் சயாம் மரண ரயில் என் மனத்தில் வந்து நிற்கும். 1942-43-இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர்ப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையினர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பராமரிக்கப்பட்ட புல்வெளியில் இருக்கின்றன. தமிழருக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. நடுகல்லில் மாண்டவன் பெயரையும் அவன் பெருமையையும் எழுதி மயிற்பீலி சூட்டியதைச் சங்கப் பாடல் பேசுகிறது. பெயரில்லாமல் ஒரு சாவை ஒப்புக்கொள்ளாத மரபு நம்முடையது. அந்த மரபில் வந்த நாம் இவ்வளவு பேரை ‘ஆயிரக்கணக்கானோர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். போனவர்களுள் திரும்பியவர்கள் பேசியபோது கருவியோடு போய் உட்கார்ந்து பதிவுசெய்தவர்கள் மிகக் குறைவு. இன்று அவர்களில் அநேகமாக யாரும் இல்லை.

வோங் மட்டும் இந்த வேலையைச் செய்தார் என்பதில்லை. போர்ட்டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில் 2001-இல் தீபகற்ப மலேசியா முழுதும் சுற்றி, முன்பின் அறியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, 250-க்கும் மேற்பட்ட முன்கூடங்களைப் படமெடுத்தார். ‘டாலாம்’ என்ற அந்த வரிசையில் மனிதரே இல்லை, நாற்காலியும் சுவரும் அலமாரியும் மட்டும். ரெட்சா பியாதாசா பல இனத்தாரின் பழைய ஸ்டூடியோ குடும்பப் படங்களை எடுத்து நிறம் தீட்டி ‘மலேசியத் தொடர்’ செய்தார். ஜெ. அனு 2001-இல் செய்த படைப்பின் தலைப்பிலேயே ‘25 தேய்வழக்குகளில் மலேசிய இந்தியர் வரலாறு’ என்று வரும். நம்மைப் பற்றி நாமும் பிறரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை எவ்வளவு என்பதை ஒரு தமிழ் ஓவியர் எண்ணிக் காட்டியிருக்கிறார் என்று அந்தத் தலைப்பை நான் வாசிக்கிறேன்.

தேய்வழக்கு ஏன் பெருகுகிறது என்பதற்குக் காரணம் நாம் இழந்த இடங்களில் இருக்கிறது. நினைவுக்கு ஒரு தாங்கி வேண்டும். வீடு, மரம், கோவில், பதிவேடு ஏதாவது ஒன்று. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு மனைகளும் கோல்ஃப் திடல்களும் வந்தன. புத்ராஜெயா இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. 1995-இல் வேலை தொடங்கிய அந்த நிர்வாகத் தலைநகரம் நிற்கும் மண்ணில் முன்பு பெராங் புசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயர்கள் 1921-இல் திறந்த தோட்டம் அது. தாங்கள் கண்ட போரை மறக்காதிருக்க மலாயில் ‘பெரும் போர்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 70 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிரைகளில் பால் எடுத்த தமிழ்க் குடும்பங்கள், அக்கம்பக்கத் தோட்டக் குடும்பங்களோடு சேர்த்து, டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். துரைமாரின் நினைவு தோட்டத்தின் பெயரில் இருந்தது, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் நினைவு நகரத்தின் பெயரில் இருக்கிறது. நடுவில் இருந்தவர்களின் பெயர் அந்த மண்ணில் எங்கேயும் எழுதப்படவில்லை.

லயம் இடிந்த பிறகும் பல தோட்டங்களில் மாரியம்மன் கோவிலோ முனியாண்டி மரமோ மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். ஆண்டுக்கொரு முறை, காப்புக் கட்டி, கிள்ளானிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் சிதறிப்போனவர்கள் காரில் வந்து இறங்குவார்கள். செம்பனைக்கு நடுவே நின்றுகொண்டு, “இங்கேதான் நம்ம லயம், அங்கே பால் ஸ்டோர், அந்த மேட்டில் கிராணி வீடு” என்று வெறும் மண்ணைக் கைகாட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். நான் அறிந்த அளவில் நம் கூட்டு நினைவு உயிரோடு இருப்பது அந்தச் சில மணி நேரத்தில்தான். அதைப் பதிவுசெய்யும் கரியும் தாளும் நம் கையில் இன்னும் போதிய அளவு வரவில்லை. வரும்போது ‘முன்னோர்’ என்று தொடங்காமல், எந்த லயம், எத்தனையாவது கதவு, யார் வீடு என்று தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் வீட்டில் பாட்டியின் ஸ்டூடியோப் படம் ஒன்று இருக்கிறது. பின்னால் திரையில் தீட்டிய தூணும் மாடிப்படியும். முன்னால் மடியில் ஒன்று, பக்கத்தில் மூன்று பிள்ளைகளோடு பாட்டி. வோங்கின் தலைப்பு மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில், படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் வைத்து, 11 பிள்ளைகளின் பெயரையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தங்கிய 7 பேர் எனக்குத் தெரியும். தங்காத 4 பேரைப் பெரிய அத்தையிடம் கேட்டேன். இரண்டு பெயரை உடனே சொன்னார், மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். நான்காவதுக்குப் பெயர் இல்லை என்றார். பெயர் வைக்குமுன் போய்விட்டதாம். ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பாட்டி நிரைக்குப் போயிருந்த காலைவேளையில். “அம்மா அதைச் செவ்வாய்க்கிழமைப் பிள்ளைன்னுதான் சொல்லும்” என்றார் அத்தை. பென்சிலால் அதையும் எழுதி, படத்தைச் சட்டத்துக்குள் திரும்ப வைத்தேன்.